ஸ்டேஷன் வாசலில் நின்றுபோகும் நடைபாதை

"பிளாட்பாரம் போட்டுக் கொடுத்தாலும் நம்ம ஜனங்க ரோட்டுலதான் நடப்பாங்க." சென்னையில் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்த நடைபாதைப் பிளாட்பாரத்தில் கையில் பையோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் ரோடு உயர்ந்தது. அதைவிட உயரமாக இருக்கட்டும் என்று பிளாட்பாரத்தைப் பல இடங்களில் ஒன்றரை அடிக்கு ஏற்றிவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக் காருக்கும் வழிவிட அதை வெட்டிச் சரித்தார்கள். ஏறி, நாலு எட்டு வைத்து, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர் வேறெங்கே நடப்பார்? உயரத்தில் செய்த தப்புக்கு ஜனங்களின் ஒழுக்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

கெர்ப், அதாவது நடைபாதையின் ஓரக் கல், 150 மி.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. இந்திய சாலைகள் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி ஐஆர்சி 103 சொல்வதும் அதுவே. வீட்டு வாசலில் நடைபாதையை இறக்காதீர்கள், கார் ஏறி இறங்கட்டும். அந்தச் சரிவை, மரமும் விளக்குக் கம்பமும் நிற்கும் ஓரப் பட்டைக்குள்ளேயே முடித்துவிடலாம். தெருமுனையில் மட்டும் சாய்தளம், 1:12. அதாவது 150 மி.மீ. இறங்க 1.8 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லையென்று 60 செ.மீ.க்குள் முடித்தால் சக்கர நாற்காலி முன்பக்கம் கவிழும்.

நடைபாதை அகலம் 1.8 மீட்டர் என்பது தடையே இல்லாத 1.8, தரையிலிருந்து உயரத்தில் 2.2 மீட்டரும் காலியாக இருக்க வேண்டும். இபி பெட்டியைக் கழித்தால் போதாது, அதன் கதவு திறக்கும் இடத்தையும் கழியுங்கள். (வரைபடம் போடும் தம்பி தங்கைகள் மறப்பது இதைத்தான்.) நிலைய வாசலில் ஒரு ரயில் கூட்டம் மொத்தமாக வெளியே வரும், அங்கே 1.8 பற்றவே பற்றாது. மஞ்சள் தொடு ஓடுகளைக் கம்பத்தில் கொண்டுபோய் முட்ட வைக்காதீர்கள். பார்வையற்றவர் அதை நம்பித்தான் கால் வைக்கிறார்.

அடுத்து, நடந்தே நிலையத்துக்கு வரக்கூடிய பகுதி என்று வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றிப் போடும் அந்த 500 மீட்டர் வட்டம். காம்பஸை வைத்து வட்டம் போட்டால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நடந்து வந்துவிடுவார்களா? 2017-இன் தேசிய டிஓடி (பொதுப் போக்குவரத்தைச் சார்ந்த நகர வளர்ச்சி) கொள்கை 500 முதல் 800 மீட்டர் என்பதை 10–12 நிமிட நடை என்றும் சேர்த்தே சொல்கிறது. நடுவே ஒரு நீளமான காம்பவுண்டு சுவர் இருந்தால் 200 மீட்டர் தூரம் 700 ஆகிவிடும். அதனால் நிலைய வாசலிலிருந்து தெருத்தெருவாக நடந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எல்லையைக் குறியுங்கள்.

குடியிருப்புச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். திருட்டுப் பயம் புரிகிறது. ஆனாலும் இந்தச் சுற்று நடை குறைய, பூட்டியே கிடக்கும் உங்கள் காம்பவுண்டின் பின்கேட்டைக் காலை 6 முதல் இரவு 10 வரையாவது திறந்து வையுங்கள். காவலாளியின் நாற்காலியையும் ஒரு விளக்கையும் அங்கே போட்டுக்கொடுங்கள்.