வாரம் ஒரு நாள் மஞ்சள் மாத்திரை

சித்திக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சின்ன மஞ்சள் மாத்திரையின் பெயரை போனில் தேடிப் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு அழைத்தார். "கேன்சர் மருந்துன்னு போட்டிருக்கேடா. டாக்டர் எதையாவது மறைக்கிறாரா?"

மறைக்கவில்லை. ஆனால் சித்தி படித்ததும் பொய்யில்லை.

அது மெத்தோட்ரெக்ஸேட். செல் ஒன்று இரண்டாகப் பிரிய டிஎன்ஏ தயாரிக்க வேண்டும், அதற்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். 1940-களில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லப்பிரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலேட்டைப் போலவே இருக்கும் போலிகளை உருவாக்கியது. போலிச் சாவி பூட்டுக்குள் உடைந்து சிக்கினால் அசல் சாவி நுழையாதே, அதுபோல செல்லின் வேலை நின்றுவிடும். அப்படி ஒரு போலியான அமினாப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் தணிந்தது என்று 1948-ல் எழுதினார். அந்த அமினாப்டெரினின் தம்பிதான் நம் மஞ்சள் மாத்திரை.

1951-லேயே குப்னர் என்ற மருத்துவர் அமினாப்டெரினை மூட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மூட்டு வீக்கம் குறைந்தது, சோரியாசிஸ் தோலும் தெளிந்தது. ஆனாலும் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை அமெரிக்கா அங்கீகரித்தது 1988-ல்தான். இவ்வளவு நல்ல மருந்துக்கு அத்தனை வருடக் காத்திருப்பு என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

சரி, முடக்குவாதத்தில் இது என்ன செய்கிறது? அந்த நோயில் நம் வெள்ளையணுக்களே நம் மூட்டைப் பகை என்று நினைத்துத் தாக்குகின்றன. பெருகும் அந்த அணுக்களை மருந்து கொன்றுவிடுகிறது என்றுதான் முதலில் தோன்றும். அளவைப் பாருங்கள்: சில எலும்புப் புற்றுநோய்களுக்கு ஒரே தடவையில் பல கிராம் ஏற்றுகிறார்கள். சித்திக்கு வாரத்துக்கு 15 மில்லிகிராம். இவ்வளவு சின்ன அளவு கொல்வதைவிட அமைதிப்படுத்தும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது. செல்களுக்கு வெளியே அடினோசின் என்ற பொருள் கூடுகிறது, அது வெள்ளையணுக்களின் ஆவேசத்தைத் தணிக்கிறது. கொல்வது இங்கே முக்கியமில்லை என்பதால்தான் வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும், அதாவது மாத்திரையாக வரும் ஃபோலேட்டையும், தருகிறார்கள். வாய்ப்புண், குமட்டல் குறையும், மூட்டுக்குக் கிடைக்கும் பலனோ பெரிதாகக் குறையாது.

ஒன்றை மட்டும் சித்தியிடம் மூன்று தடவை சொன்னேன். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நாள். தவறிப்போய் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதையே நிறுத்திவிடும், உயிர் போனவர்கள் உண்டு. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

சித்தி தினசரிக் காலண்டரில் ஞாயிறுதோறும் மஞ்சள் ஸ்கெட்சால் வட்டம் போட்டார். முதல் நான்கு வட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த மருந்து பலன் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒன்பதாவது வட்டத்துக்கு அப்புறம் ஒருநாள் காலையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், பின்னால் தோசைக்கல் சீறும் சத்தம் கேட்டது.