38 மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும்: அமெரிக்க அரசியல் சட்டத்தை எப்படித் திருத்துகிறார்கள்?

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வந்தால் நம் வீட்டுக் கூடத்திலும் ஒரு கேள்வி எழும்: நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தோற்கிறாரே, இந்த விதியை மாற்றிவிட்டால் என்ன? 2000இலும் 2016இலும் அப்படித்தான் நடந்தது. மாற்றலாம். அதற்கான வழியை அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் 5ஆவது பிரிவு, ஆங்கில மூலத்தில் ஒரே ஒரு நீண்ட வாக்கியம். அடிமை முறை ஒழிந்ததும், பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்ததும், 18 வயதுப் பிள்ளைகள் ஓட்டுப் போட வந்ததும் அந்த வாக்கியத்தின் வழியாகத்தான். ஆனால் அது லேசான வழி அல்ல. 1789 முதல் இதுவரை காங்கிரஸில், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்தில், 11,000க்கும் மேற்பட்ட திருத்த முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. அவற்றில் மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போனவை 33. நிறைவேறியவை 27.

நடைமுறை இதுதான். முதலில் பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் நிறைவேற வேண்டும். சாதாரண மசோதா என்றால் அடுத்து அதிபரின் மேசைக்குப் போகும். திருத்தம் அங்கே போகாது. அதிபரின் கையெழுத்து வேண்டியதில்லை, அவரால் தடுக்கவும் முடியாது. 1865இல் அடிமை முறையை ஒழிக்கும் தீர்மானத்தில் லிங்கன் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கையெழுத்து தேவையில்லாதது என்று செனட் தனியாக ஒரு தீர்மானம் போட்டுப் பதிவு செய்தது.

காங்கிரஸ் நிறைவேற்றியதை இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைவர் 50 மாநில ஆளுநர்களுக்கும் அனுப்புகிறார். ஆளுநரின் வேலை அதை வாங்கிச் சட்டமன்றத்தில் சேர்ப்பதோடு சரி, முடிவு சட்டமன்றத்தின் கையில். நெப்ராஸ்கா மாநிலத்துக்கு மட்டும் ஒரே அவை, மற்ற 49க்கும் இரண்டிரண்டு. இரண்டு அவைகளும் ஒப்புக்கொண்டால்தான் அந்த மாநிலம் ஒப்புதல் தந்ததாகக் கணக்கு. நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், இன்றைய கணக்கில் 38, சம்மதித்த அன்றே திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்ந்துவிடும். காப்பகத் தலைவர் சான்றளித்து வெளியிடுவது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு வாசலும் உண்டு. 34 மாநிலச் சட்டமன்றங்கள் கேட்டால், திருத்தங்களை முன்மொழிய ஒரு தேசிய மாநாட்டைக் காங்கிரஸ் கூட்டியே ஆக வேண்டும். இதுவரை ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை. ஒப்புதலையும் சட்டமன்றங்களிடம் கேட்காமல், அதற்கென்று கூட்டப்படும் மாநில மாநாடுகளிடம் கேட்கலாம். 1933இல் மதுவிலக்கை நீக்கிய 21ஆவது திருத்தத்துக்கு மட்டும்தான் அந்த முறையைப் பயன்படுத்தினார்கள்.

ஏன் நான்கில் மூன்று பங்கு? இதைப் புரிந்துகொள்ள 1781க்குப் போக வேண்டும். அப்போது 13 மாநிலங்களும் ஒரு கூட்டமைப்பு உடன்படிக்கையின் கீழ் இருந்தன. அந்த உடன்படிக்கையில் ஓர் எழுத்தை மாற்றுவதென்றாலும் 13 மாநிலங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். மத்தியில் இருந்த காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. பிரிட்டனோடு நடத்திய போரில் ஏறிய கடன் கழுத்தை நெரித்தது, சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி. இறக்குமதிச் சரக்குக்கு 5 சதவீதம் தீர்வை போட்டால் சமாளிக்கலாம் என்று மாநிலங்களிடம் கேட்டார்கள். மற்ற மாநிலங்கள் இறங்கி வந்தபோதும், இருப்பதிலேயே சிறிய ரோட் ஐலண்ட் 1782இல் முடியாது என்றது. முயற்சி படுத்துவிட்டது. மறுபடி 1783இல் கேட்டார்கள், அந்த முறை நியூயார்க் குறுக்கே நின்றது. 1786இல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் கடனும் வரியும் தாங்காத விவசாயிகள் ஆயுதம் தூக்கி நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். அடக்குவதற்குப் படை திரட்டக்கூட மத்திய அரசிடம் பணம் இல்லை.

1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் 55 பிரதிநிதிகள் கூடியது இந்தப் பின்னணியில்தான். ரோட் ஐலண்ட் அதற்கும் ஆள் அனுப்பவில்லை. ஒரே ஒரு மாநிலம் எல்லோரையும் கட்டிப்போடும் நிலை இனி வேண்டாம் என்பதில் வந்தவர்கள் உறுதியாக இருந்தார்கள். அதனால் புதிய சட்டம் நடைமுறைக்கு வர 9 மாநிலங்களின் ஒப்புதல் போதும் என்று வைத்தார்கள். திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு என்பதும் அதே பட்டறிவில் வந்த கணக்கு.

5ஆவது பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்தது மாநாட்டின் கடைசி வாரத்தில். செப்டம்பர் 10 அன்று தென் கரோலினாவின் ஜான் ரட்லெட்ஜ், அடிமைகள் பற்றிய ஷரத்துகளில் கைவைக்கும் அதிகாரத்தை ஒருபோதும் ஏற்க மாட்டேன் என்றார். வந்தது ஒரு பூட்டு: அடிமைகளை இறக்குமதி செய்வது தொடர்பான ஷரத்தை 1808 வரை திருத்த முடியாது. செப்டம்பர் 15 அன்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, திருத்தம் எல்லாமே காங்கிரஸ் வழியாகத்தான் வர வேண்டுமென்றால், காங்கிரஸே மக்களை ஒடுக்கும்போது யாரிடம் போவது என்று வாதாடினார். மாநிலங்கள் கேட்டால் தேசிய மாநாடு என்ற வாசல் அதன் பிறகு சேர்ந்தது. பெரிய மாநிலங்கள் ஒன்றுகூடிச் சிறியவற்றை விழுங்கிவிடுமோ என்ற பயத்துக்கு இன்னொரு பூட்டு: தன் சம்மதம் இல்லாமல் எந்த மாநிலமும் செனட்டில் சம பலத்தை இழக்காது. முதல் பூட்டு காலாவதியாகிவிட்டது, இரண்டாவது இன்றும் இருக்கிறது. மனிதர்களைக் கப்பலில் ஏற்றி வந்து விற்பதற்கு இருபது ஆண்டு பாதுகாப்பு கொடுத்ததை, அந்தக் காலத்துச் சமரசம் என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை.

அந்த வாக்கியத்தின் முதல் பலன் சீக்கிரமே தெரிந்தது. தனிமனித உரிமைகள் பற்றி அரசியல் சட்டத்தில் தனிப் பட்டியல் இல்லை என்பதால் மேசன் கையெழுத்துப் போடவே மறுத்தார். மாசசூசெட்ஸ் 187க்கு 168 என்ற நெருக்கமான வாக்கில்தான் ஒப்புதல் தந்தது, அதுவும் திருத்தங்களைப் பரிந்துரைத்துவிட்டு. ஜேம்ஸ் மாடிசன் 1789 ஜூனில் உரிமைத் திருத்தங்களைச் சபையில் வைத்தார். காங்கிரஸ் 12 திருத்தங்களை அனுப்பியது, 10 திருத்தங்கள் 1791 டிசம்பர் 15 அன்று நிறைவேறின. பேச்சுரிமை, மத உரிமை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை என்று இன்றும் அமெரிக்கர்கள் பெயர் சொல்லிக் கேட்பது பெரும்பாலும் இந்தப் பத்தைத்தான்.

மீதி இரண்டில் ஒன்றின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே மாற்றிக்கொண்டால், இடையில் ஒரு பிரதிநிதிகள் சபைத் தேர்தல் நடந்து முடிந்த பிறகுதான் அது அமலுக்கு வர வேண்டும் என்பது அந்தத் திருத்தம். போதிய மாநிலங்கள் கிடைக்காமல் அது கிடந்தது. 1982இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி வாட்சன் என்ற மாணவர், கெடு விதிக்கப்படாததால் இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று வகுப்புக் கட்டுரை எழுதினார். அதற்கு ‘சி’ கிரேடுதான் கிடைத்தது. அவர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். 1983இல் மெய்ன் மாநிலம் ஒப்புதல் தந்தது, பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 1992 மே மாதம் 38ஐத் தொட்டு, 202 ஆண்டுகளுக்குப் பிறகு அது 27ஆவது திருத்தமாகியது. பல்கலைக்கழகம் அவருடைய கிரேடை 2017இல் ‘ஏ’ என்று மாற்றியது.

அதற்கு நேர் எதிர் 26ஆவது. 18 வயதில் வியட்நாம் போருக்கு அனுப்புகிறீர்கள், ஓட்டு மட்டும் 21 வயதிலா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வாக்களிக்கும் வயதைக் காங்கிரஸ் ஒரு சட்டத்தால் குறைத்தது. அது மத்தியத் தேர்தல்களுக்கு மட்டுமே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970 டிசம்பரில் சொல்லிவிட்டது. இரண்டு வாக்காளர் பட்டியல் வைத்துப் பராமரிப்பது மாநிலங்களுக்குப் பெரிய தலைவலி. 1971 மார்ச் 23 அன்று காங்கிரஸ் அனுப்பிய திருத்தம் ஜூலை 1ஆம் தேதி நிறைவேறிவிட்டது.

பெண்களின் வாக்குரிமைக்கான 19ஆவது திருத்தம் 1920 ஆகஸ்ட் 18 அன்று நாஷ்வில்லில், டென்னசி சட்டமன்றத்தில் ஒரு நூலிழையில் தொங்கியது. அன்று 48 மாநிலங்கள், தேவை 36, கையில் இருந்தது 35. தீர்மானத்தை ஒத்திவைக்கும் வாக்கெடுப்பு 48க்கு 48 என்று சமமாக நின்றது. 24 வயது ஹாரி பர்ன், திருத்தத்தை எதிர்ப்பவர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்தியிருந்தார். பைக்குள் அவருடைய அம்மா எழுதிய கடிதம் இருந்தது. ஆதரித்து வாக்களி, நல்ல பிள்ளையாக இரு என்பது அதன் சாரம். ஒப்புதல் வாக்கெடுப்பில் பெயரைக் கூப்பிட்டபோது அவர் ‘ஆம்’ என்றார்.

மாநிலம் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, காகிதமும் போய்ச் சேர வேண்டும். அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தத்தை 1865இல் நிராகரித்த மிசிசிப்பி, 1995இல் ஒப்புதல் தந்தது. ஆனால் முறையான அறிவிப்பு வாஷிங்டனுக்குப் போகவே இல்லை. அது சரிசெய்யப்பட்டது 2013இல். நல்ல வேளையாக, திருத்தம் அந்த ஒரு மாநிலத்துக்காகக் காத்திருக்கவில்லை, 1865 டிசம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது.

இனி கெடு. 1917இல் காங்கிரஸ் அனுப்பிய மதுவிலக்குத் திருத்தத்தில்தான் முதன்முதலில் ஏழு ஆண்டுக் கெடு வைத்தார்கள். 1972இல் அனுப்பப்பட்ட ஆண் பெண் சம உரிமைத் திருத்தம் இதில்தான் மாட்டிக்கொண்டது. கெடுவை 1982 வரை நீட்டியும் 35 மாநிலங்களே சேர்ந்தன, அவற்றிலும் ஐந்து பின்வாங்கின. பிறகு 2017இல் நெவாடா, 2018இல் இல்லினாய், 2020இல் வர்ஜீனியா ஒப்புதல் தந்தன. எண்ணினால் 38. ஆனால் கெடு கடந்துவிட்டது, எனவே சான்றளிக்க முடியாது என்று ஆவணக் காப்பகம் 2024 டிசம்பரில் கூறியது. அது சட்டமாகிவிட்டதாகவே கருதுகிறேன் என்று 2025 ஜனவரியில் அதிபர் பைடன் சொல்லிப் பார்த்தார். அதிபருக்கு இதில் வேலை இல்லை என்று மேலே பார்த்தோம், அவர் பேச்சால் எதுவும் நகரவில்லை.

முட்டுக்கட்டை எவ்வளவு பெரியது என்றால், 13 மாநிலங்கள் நகர மறுத்தால் எதுவும் நடக்காது. மக்கள்தொகையில் மிகச் சிறிய 13 மாநிலங்களைச் சேர்த்தாலும் நாட்டின் ஜனத்தொகையில் இருபதில் ஒரு பங்கு வராது. ஒரு மாநிலத்தின் பிடியிலிருந்து தப்பிக்க எழுதிய விதி இன்று இந்த அளவுக்கு இறுகிப்போயிருப்பது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அனுப்பப்பட்டு, கெடு இல்லாமல் இன்றும் காத்திருப்பவை நான்கு. அவற்றில் ஒன்று, குழந்தைத் தொழிலாளர் முறையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குக் கொடுக்கும் 1924ஆம் ஆண்டின் திருத்தம். 28 மாநிலங்கள் ஒப்புதல் தந்திருக்கின்றன. இன்னும் 10 வேண்டும்.