ஒரே கூட்டில் இரண்டு கெக்கோக்கள்: ஒன்று ஏன் இரையைத் தொடுவதில்லை?

இங்கிலாந்தில் ஊர்வனவற்றுக்கும் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் என்ற முறையில், லெப்பர்ட் கெக்கோ என்ற செல்லப் பல்லியை வளர்ப்பவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. தனித்தனித் தொட்டிகளில் நன்றாகத் தின்றுகொண்டிருந்த இரண்டு பல்லிகளைப் புதிதாக வாங்கிய பெரிய விவேரியத்தில், அதாவது ஊர்வன வளர்க்கும் கூட்டில், ஒன்றாக விட்டோம், அன்று முதல் ஒன்று இரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்பார்கள். எந்தப் பூச்சியை மாற்றிக் கொடுக்கலாம் என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும். இரையைப் பற்றிய யோசனையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, அன்றைக்கே இரண்டையும் பிரித்து வைக்கும்படி நான் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

இடம் மாறிய பின் சில நாள் பசி குறைவது இயல்புதான். லெப்பர்ட் கெக்கோ தன் கொழுப்பை வாலில் சேமித்து வைப்பதால், வால் தடித்த, வளர்ந்த பல்லி ஓரிரு வாரம் உண்ணாமல் இருந்தாலும் உடனே ஆபத்தில்லை. குட்டிகளுக்கு அந்த இருப்பு கிடையாது. வளர்ந்த பல்லியின் எடை பொதுவாக 45 முதல் 80 கிராம் வரை இருக்கும் என்பதால், 5 கிராம் குறைவதுகூடக் கண்ணுக்குத் தெரியாத பெரிய இழப்பு. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசில் வாரந்தோறும் நிறுத்து எழுதி வையுங்கள். பழைய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டு வர வேண்டும்.

"இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத்தான் தூங்குகின்றன டாக்டர், அவ்வளவு ஒட்டுதல்" என்று கைபேசியில் படம் காட்டுவார்கள். படத்தைக் கூர்ந்து பார்த்தால், மேலே படுத்திருப்பது எப்போதும் அதே பல்லியாகவும், படுத்திருக்கும் இடம் கூட்டிலேயே நல்ல சூடுள்ள மறைவிடமாகவும் இருக்கும். அது பாசமன்று, இடத்தைக் கைப்பற்றுதல். சண்டை எதுவும் நடக்காமலேயே வலிய பல்லி சூட்டையும் இரையையும் தன் வசமாக்கிக்கொள்ள, மற்றது குளிர்ந்த மூலையில் ஒதுங்கிவிடுகிறது. ஊர்வனவற்றுக்கு உடற்சூடு வெளியிலிருந்து வருவதால், சூடான பகுதியின் தரை 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருந்து, பல்லி அங்கே தங்கவும் முடிந்தால்தான் விழுங்கியது செரிக்கும். அங்கே தங்க முடியாத பல்லிக்குப் பசி எடுக்காமல் போவதில் வியப்பில்லை. மேசையில் வைத்துப் பார்க்கும்போது, மெலிந்த வாலின் அடியில் பழைய கடித் தழும்பும், விரல் நுனிகளில் உரியாமல் இறுகிய தோல் வளையங்களும் சில நேரம் இருக்கும். தோல் எளிதில் உரிய உதவும் ஈரப்பாசி வைத்த மறைவிடத்துக்குள்ளும் அது போக முடியவில்லை என்பதற்கு அந்த வளையங்களே சான்று.

"இரண்டும் பெண்" என்று கடையில் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். முட்டைகளை ஏறத்தாழ 26 டிகிரியில் அடைவைத்தால் பெரும்பாலும் பெண்ணும், 32.5 டிகிரி அளவில் பெரும்பாலும் ஆணும் பிறக்கின்றன என்பது உண்மையே. ஆனால் "பெரும்பாலும்" என்பதை விற்பவர்கள் எளிதாக மறந்துவிடுகிறார்கள். சில மாதங்கள் வளர்ந்த பின், கழிவாய்க்கு முன்னால் தலைகீழான V வடிவில் மெழுகுத் துளைகள் தெளிவாகத் தெரிந்தால் அது ஆண். ஆண்கள் இரண்டு சேர்ந்தால் கடியும் வால் இழப்பும்தான் மிச்சம். ஆணும் பெண்ணுமானால் பெண்ணுக்கு ஓய்வே இராது. முட்டை உருவாகும் காலத்தில் பெண் இரையை ஒதுக்குவது வழக்கம் என்பதால், வயிற்றின் தோல் வழியே வெளிர்நிற உருண்டைகள் தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது கிரிப்டோஸ்போரிடியம் வரானி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை. சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும் இது, தின்னாமை, கழிச்சல், எலும்பும் தோலுமான வால் என்று பல்லியைக் கரைத்துவிடும். வெளிப்பார்வைக்கு நலமாக உள்ள பல்லியும் இதைச் சுமந்து, எச்சத்தின் வழியே கூட்டாளிக்குத் தரலாம். உறுதியாகத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. பாரோமோமைசின் போன்றவை ஒட்டுண்ணி வெளியேறும் அளவைக் குறைக்க உதவலாம், அவ்வளவே. அதனால்தான் புதிதாக வாங்கிய எந்தப் பல்லியையும் மூன்று மாதமாவது வேறு அறையில் வைத்து, பழைய பல்லியைக் கவனித்த பிறகே அதனிடம் போக வேண்டும் என்கிறேன். இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எதுவும் இரு கூடுகளுக்கும் பொதுவாக இருக்கக் கூடாது.

புதிய கூட்டையும் ஒரு முறை சோதியுங்கள். சிறிய தொட்டிக்குப் போதுமாயிருந்த ஹீட் மேட் (அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு) பெரிய கூட்டுக்குப் போதாது. கண்ணாடியில் ஒட்டிய பட்டை வெப்பமானி தரையின் சூட்டைக் காட்டாது. தின்னாத கிரிக்கெட் பூச்சிகளை இரவு முழுவதும் உள்ளே விட்டால் அவையே பல்லியைக் கடிக்கும். வாயைத் திறந்து வலுக்கட்டாயமாக ஊட்டுவதோ அதைவிடக் கேடு, ஏனெனில் குளிர்ந்த உடலில் போன இரை செரிக்காமல் அழுகும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பு விலங்கு பிற விலங்குகளுடனோ தனியாகவோ வைக்கப்பட வேண்டிய தேவையையும் உரிமையாளரின் பொறுப்பில் சேர்த்திருக்கிறது. லெப்பர்ட் கெக்கோவுக்குத் துணை தேவையில்லை. தனிமையில் அது ஏங்குவதில்லை.

பிரித்த பின் இரு கூடுகளிலும் தரையில் சமையலறைத் தாளை மட்டும் விரியுங்கள். எந்த எச்சம் யாருடையது என்று அப்போதுதான் தெரியும். ஒவ்வொன்றிலிருந்தும் புதிய எச்சத்தைத் தனி டப்பாவில் மூடி, உணவுப் பொருள் வைக்காத குளிர்பெட்டியில் உறையவிடாமல் வைத்து, விரைவில் கொண்டு வாருங்கள். ஒட்டுண்ணி விட்டுவிட்டே வெளிப்படுவதால், அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை ஒன்றில் இல்லை என்று வந்தாலும் நான் மறுபடியும் எச்சம் கேட்பேன். இருப்பது உறுதியானால், சாதாரண பிளீச் அதன் முட்டையுறைகளை நம்பகமாகக் கொல்லாது என்பதால், மரத்தண்டு, பாசி போன்றவற்றை வெளியே எறிந்துவிட வேண்டும். கூட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். மனிதருக்கு வயிற்று நோய் தரும் சால்மோனெல்லா பாக்டீரியாவையும் பல்லிகள் சுமக்கக்கூடியவை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தைகள் வேறு எதையும் தொட வேண்டும்.