எம்.சி.பி. காவல் காப்பது யாரை?

ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கும்போது கை சுட்டது. மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். மின்சாரம் வரும் பேஸ் ஒயரைப் பிடித்திருந்த ஸ்குரூ லேசாகத் தளர்ந்திருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒயரின் மேலுறை தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த சாக்கெட்டை மாட்டியது வேறு யாருமில்லை, நானேதான். இத்தனைக்கும், அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்சான எம்.சி.பி. ஒரு தடவைகூட டிரிப் ஆகவில்லை.

ஏன் ஆக வேண்டும்? ஹீட்டர் இழுத்தது 13 ஆம்பியர், எம்.சி.பி. 16 ஆம்பியர். அதன் கணக்கில் எல்லாம் சரி. ஆனால் வெப்பத்தின் கணக்கு வேறு: மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்க வேண்டும். தளர்ந்த ஸ்குரூவில் தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட 17 வாட் வருகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதில் பாதிக்கு மேல் ஒரு ஸ்குரூ தலைக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்திருக்கிறது. ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாதே, கனெக்டரில் இறுக்கு, அந்த இணைப்பையும் திறந்து பார்க்க வசதியாக ஒரு பெட்டிக்குள் வை என்று வயரிங் விதிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

எம்.சி.பி.க்குள் இரண்டு காவலாளிகள். ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் மெல்லச் சூடேறி வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். இன்னொன்று காந்தச் சுருள். ஷார்ட் ஆனால் நொடிக்கும் குறைவான நேரத்தில் இழுத்துவிடும். இரண்டும் காப்பது ஒயரைத்தான். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று 10 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 20 போடுகிறவர்கள் உண்டு. சுவருக்குள் இருக்கும் ஒயர் அதே ஒயர். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சாதாரண பி.வி.சி. உறை தாங்குவதோ 70 டிகிரி செல்சியஸ் வரைதான். ஒயர் தாங்குவதைவிட எம்.சி.பி.யின் எண் கூடக் கூடாது என்ற விதியில் பேரம் பேச இடமே இல்லை.

சரி, மனிதனை யார் காப்பது? உடம்பின் தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க அது தாராளம். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது ஒரு பழைய குண்டு பல்பு எரிவது மாதிரி. இங்கேதான் மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வருகிறது. பேஸ், மின்சாரம் திரும்பும் நியூட்ரல் இரண்டும் அதனுள் ஒரே காந்த வளையத்தின் வழியாகப் போகின்றன. போனது அப்படியே திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். கொஞ்சம் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போய்விட்டால் கணக்கு உதைக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். அப்புறம் இன்னொன்று: ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரலைப் பிடித்தால் இதுவும் உங்களை ஒரு பல்பாகத்தான் நினைக்கும்.

பல்பு மாற்றுவதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. சுவிட்சை நியூட்ரலில் கொடுத்தாலும் விளக்கு ஒழுங்காக எரியும், அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் பேஸ் காத்துக்கொண்டிருக்கும். சுவிட்ச் பேஸில்தான் வர வேண்டும் என்பது இதற்காக.

புது லைன் இழுப்பது, மெயின் போர்டைத் தொடுவது போன்ற வேலைகளைப் பல நாடுகளின் விதிகள் உரிமம் பெற்றவருக்கே விடுகின்றன. நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். சாக்கெட் மாற்றுவது மாதிரி சின்ன வேலை என்றாலும், டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி நான் கை வைப்பதில்லை. டெஸ்டரே செத்திருக்கலாம். முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு சாக்கெட்டில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பேன், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடியும் அந்த முதல் சாக்கெட்டில்.