கபோக்: தலையணைக்குள் இருந்த சொல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்காக என் தங்கை மகள் ஒரு செய்முறை தயார் செய்துகொண்டிருந்தாள். தண்ணீரில் கொட்டிய எண்ணெயைப் பஞ்சால் எடுப்பது. "மாமா, கபோக்குக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். "நீ தினமும் தலை வைத்துப் படுக்கிறாயே, அதுதான்" என்றேன்.

கபோக்கை ஆங்கிலச் சொல் என்று நினைப்பவர்கள் அதிகம். அது மலாய்ச் சொல். இந்த வட்டாரத்திலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தைக்கு இந்தப் பஞ்சைப் பெருமளவில் அனுப்பியது ஜாவா. சரக்கோடு பெயரும் கப்பலேறிவிட்டது. நம் பக்கத்துக் கம்பங்களில், அதாவது மலாய்க் கிராமங்களில், கேட்டால் 'கெக்காபு' என்பார்கள். 'காப்பாஸ்' வேறு, அது பருத்தி, வடமொழிக் கார்ப்பாசத்திலிருந்து வந்தது.

தமிழில் இதற்கு இலவம் பஞ்சு என்ற பெயர் இருக்கிறது, புதிதாக ஒன்றும் உருவாக்க வேண்டாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சங்கப் பாடல்களில் வரும் இலவம் செக்கச்செவேலென்று பூக்கும் மரம். கபோக் மரத்தின் பூ வெளிறியது, தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இதன் காயும் அதுபோலவே வெடித்துப் பஞ்சைப் பறக்கவிட்டதால், பின்னால் வந்த மரத்துக்கும் நம்மவர்கள் பழைய பெயரையே வைத்துவிட்டார்கள். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பழையதைச் செவ்விலவு என்றால் போதும். பழம் பழுக்கும் என்று இலவு காத்த கிளிக்குக் கடைசியில் மிஞ்சியதும் பஞ்சுதான். போடிநாயக்கனூர்ப் பக்கம் அதே பஞ்சில் மெத்தை தைக்கிறார்கள்.

அப்புறம் செய்முறை. மோட்டார் பட்டறையிலிருந்து ஒரு போத்தல் பழைய 'மிஞ்ஞா ஈத்தாம்' (என்ஜின் எண்ணெய்) வாங்கி வந்து, பேசின் தண்ணீரில் ஊற்றினோம். லயத்து வீட்டுக் காலத்துத் தலையணையின் தையலைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை மேலே வைத்தாள். அது மூழ்கவில்லை. ஓரத்தில் கறுப்பு ஏறி மெல்ல நடுவுக்கு வந்தது. தூக்கிப் பிழிந்தபோது விரலிடுக்கில் எண்ணெய்தான் வழிந்தது, தண்ணீர் சொட்டுக்கூடத் தெரியவில்லை.

இதை 'உறிஞ்சுதல்' என்று எழுதலாமா? பேச்சுக்குச் சரி. ஆனால் பழந்துணி தண்ணீரைக் குடிப்பது போன்ற வேலை இல்லை இது. இழையின் மேல் இயற்கையான மெழுகுப் பூச்சு இருக்கிறது. அது தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை இழுக்கும். முதலில் எண்ணெய் இழையின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. தமிழகப் பாடநூல்கள் இதைப் 'பரப்புக் கவர்தல்' என்கின்றன, இலங்கை நூல்கள் 'புறத்துறிஞ்சல்' என்கின்றன. என் ஓட்டு இலங்கைச் சொல்லுக்கு; உள்ளே குடிப்பதற்கு 'அகத்துறிஞ்சல்' என்ற ஜோடியும் கூடவே கிடைக்கிறது. பிறகு இழைகளின் இடுக்கிலும், குழல்போல் உள்ளே வெறுமையாக இருக்கும் இழைக்குள்ளும் எண்ணெய் ஏறுகிறது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டையில் இதை அடைத்ததும் அந்த வெறுமைக்குள் இருக்கும் காற்றுக்காகத்தான்.

ஆய்வகச் சோதனைகளில் இலவம் பஞ்சு தன் எடையைப் போல 30, 40 மடங்கு எண்ணெயைக்கூடப் பிடித்திருக்கிறது. கடலில் அப்படியே தூவ முடியாது, காற்று கொண்டுபோய்விடும். வலைப்பைகளில் அடைத்து மிதக்கவிட வேண்டும். 2024 ஜூனில் சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல்கள் மோதிச் சுமார் 400 டன் எரிபொருள் எண்ணெய் கொட்டி, செந்தோசா கடற்கரை கறுத்ததே, அந்த மாதிரிக் கெட்டி எண்ணெய் இழைக்குள் ஏற நேரமாகும். நம்மூர் ஆலைகளில் பழம் எடுத்தபின் குவியும் செம்பனை (எண்ணெய்ப்பனை) வெறுங்குலை நாரையும் இதற்குச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆனால் அது தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கும், முதலில் பதப்படுத்தியாக வேண்டும்.

அட்டையில் 'இலவம் பஞ்சு' என்று பெரிதாக எழுதி, கீழே கபோக், கெக்காபு இரண்டையும் சிறிதாகப் போட்டாள். தலையணை ஒரு பக்கம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. அம்மா இன்னும் பார்க்கவில்லை.