தியானம்: சொல்லு எங்கேர்ந்து வந்துச்சு, தமிழ்ல என்னன்னு சொல்றது

ரங்கூன்ல நம்ம பசங்க தினமும் காலைல கொஞ்ச நேரம் தியானம் பண்ணலாம்னு ஆசையா ஆரம்பிக்கிறாங்க, கொஞ்ச நாள்லயே "மனசு நிக்கவே மாட்டேங்குது, எனக்கு வராது போல"ன்னு விட்டுடுறாங்க. தியானம்னா எதையுமே நினைக்காம இருக்கறதுன்னு நம்பிட்டதுதான் காரணம். அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு அர்த்தமே கிடையாது.

சமஸ்கிருதத்துல 'த்யான', அதோட வேர் 'த்யை', நினைக்கறது சிந்திக்கறதுன்னு பொருள். அதே சொல்லுதான் பௌத்த நூல்களோட பாலி மொழியில 'ஜான', சீனாவுக்குப் போனப்போ 'சான்', ஜப்பான்ல 'ஜென்', பர்மிய வாயில 'ஸான்'. தமிழுக்கும் இது நேத்து வந்த சொல்லு இல்லீங்க, திருமந்திரம் மூணாம் தந்திரத்துல திருமூலர் அட்டாங்க யோகம், அதாவது எட்டு அங்கமுள்ள யோகம் சொல்றப்போ தாரணை, தியானம், சமாதின்னு வரிசையா வச்சிருக்காரு. தாரணைன்னா மனசை ஒரு இடத்துல பிடிச்சு வைக்கறது, அந்தப் பிடி அறுபடாம ஒரே நினைப்பா ஓட ஆரம்பிச்சா அது தியானம். அப்போ புதுசா உக்கார்றவங்க பண்றது தாரணைதான், பிடிக்கறது, நழுவறது, மறுபடி பிடிக்கறது, அதுதான் அங்க வேலையே, நழுவுதேன்னு கலங்கறதுக்கு ஒண்ணுமில்ல.

இங்க பர்மியர் அக்கம்பக்கத்துல சாதாரணமா சொல்றது 'தயா தைங்'. தயான்னா தருமம், அதாவது புத்தரோட போதனை, தைங்னா உக்கார்றது. மனசு அடங்கணும்னு அந்தப் பேச்சுல எங்கயுமே இல்ல பாருங்க, உக்காருன்னு மட்டும்தான் இருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அதைவிட நம்ம எல்லாருக்கும் பழகின சொல்லு 'ததி'. ரோட்டுல பசங்களை அனுப்பறப்போ "ததி தா"ன்னு சொல்றோமே, ஜாக்கிரதைன்னு, அந்த ததி பாலியில 'ஸதி', சமஸ்கிருதத்துல ஸ்மிருதி, நினைவுன்னு அர்த்தம், பாலியோட ஸகரம் பர்மியத்துல தகரமா மாறிடும். இப்போ எல்லாரும் மைண்ட்ஃபுல்னஸ்னு சொல்றாங்களே அது இந்த ஸதியோட மொழிபெயர்ப்புதான். ஸதிங்கறதுக்குத் தமிழ்ல 'விழிப்பு'ன்னு நிறைய பேர் எழுதறாங்க, 'நினைவோட இருக்கறது'ன்னா இன்னும் சரியா இருக்கும்னு எனக்குத் தோணுது.

பர்மிய பிக்கு மகாசி சயாடோ (1904–1982) சொல்லிக்கொடுத்த முறையில இது நல்லாப் புரியும். கவனம் வயித்து மேல, மூச்சு உள்ள போறப்போ வயிறு எழும்புது, அப்போ மனசுக்குள்ள 'பௌங் தே', இறங்கறப்போ 'பெயின் தே', அதாவது உப்புது, வத்துது. நடுவுல கடை வாடகை ஞாபகம் வந்துச்சா, விரட்டாதீங்க, 'நினைக்குது நினைக்குது'ன்னு குறிச்சுட்டு வயித்துக்கே திரும்பிடுங்க. ஊ பா கின் வழியில வர்ற ஆனாபானத்துல, அதாவது மூச்சைக் கவனிக்கற பயிற்சியில, கவனம் மூக்கு நுனியில, காத்து வர்றதும் போறதும் தொடற இடம். ரெண்டுலயும் மூச்சை இழுக்கவோ அடக்கவோ கூடாது, அது பிராணாயாமம், வேற பாடம். ஊ பா கின் சந்நியாசி இல்ல, 1948ல பர்மா சுதந்திரம் அடைஞ்சப்போ அக்கவுண்டன்ட் ஜெனரல், ஆபீஸ் வேலையோட வேலையா தியானம் பண்ணி மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுத்தவரு. அவருகிட்ட கத்துக்கிட்ட கோயங்கா மாண்டலேல பொறந்த வியாபாரி, 1969ல இந்தியாவுக்குப் போய் விபாசனாங்கற இந்தத் தியான முறையை ஊரெல்லாம் பரப்பினாரு. அதனால குடும்பம், கடைன்னு இருக்கறவங்களுக்கு இது ஆகாதுன்னு சொல்லாதீங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? தனித்தமிழ்ல எழுதறவங்க 'ஊழ்கம்'னு சொல்றாங்க. அதைவிட 'உள்குதல்'ங்கற வினை எனக்கு நெருக்கமா இருக்கு, அப்பர் தேவாரத்துலயே வர்றது, உள்ளுதல்னாலும் அதே நினைக்கறதுதான், உள்ளம்ங்கற சொல்லும் பக்கத்துலயே நிக்குது. நம்ம கோயில்ல பெரியவங்க விளக்கைப் பாத்துக்கிட்டே அசையாம உக்காந்திருப்பாங்களே, அதுதான் உள்குதல். பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கறவங்க இந்தச் சொல்லையும் சேத்துச் சொல்லிக்கொடுங்க, நம்ம ஊர்ல தமிழ் சுருங்கிக்கிட்டே வருது, நல்ல சொல்லு ஒண்ணு கூட இருந்தா அது பெரிய விஷயம். அதுக்காகத் தியானம்னு சொல்லாதீங்கன்னு சொல்லல, திருமூலரே சொன்ன சொல்லை நாம ஏன் தள்ளணும்.

நாளைக்கே ஆரம்பிக்கறவங்க முகம் கழுவிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷம் போதும், மூட்டு வலி இருந்தா நாற்காலில உக்காருங்க, போனை வேற ரூம்ல வச்சுடுங்க. வயிறா மூக்கா, ஏதாவது ஒண்ணு, ரெண்டையும் கலக்காதீங்க.