ஒரு நூல் விலகிய தாமரை

கீழக்கரையில் ஒரு தச்சுப் பட்டறை. கார்த்திகை மாதம், வெளியே விட்டு விட்டுத் தூறல், உள்ளே தேக்குப் பலகையில் சிஎன்சி மெஷின் (கணினிக் கட்டளைப்படி தானே செதுக்குகிற மெஷின்) தாமரை செதுக்கிக்கொண்டிருக்கிறது, கல்யாண வீட்டுக் கதவு. ஒன்பது மணி நேர வேலையில் ஆறு மணி நேரம் போய்விட்டது. அப்போது பக்கத்தில் நின்ற பையன் "அண்ணே, இதழ் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றிருக்கிறான். ஆசாரி அண்ணன் பதறிப்போய் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். இதழ்களின் ஒரு பக்கத்தைத் தோண்டியும், மறுபக்கத்தைத் தொடாமலும் விட்டிருந்தது மெஷின். எனக்கு போன் வந்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியமே, "தம்பி, ஒரு நூல் விலகிடுச்சு."

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நிலைக்கதவில் அது கண்ணுக்குத் தெரியாது. தாமரை இதழில் அது விடியற்காலை வரை தூக்கத்தைக் கெடுக்கும்.

இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் ஏன் விலகியது என்று புரியும். பலர் நினைப்பதுபோல அது பலகையைப் பார்த்துச் செதுக்குவதில்லை. அதற்குக் கண்ணே கிடையாது. அது எண்ணுகிறது, அவ்வளவுதான். பட்டறைகளில் இருக்கிற சின்ன மெஷின்களில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்தான் இருக்கும். அந்த மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுற்றும், ஒரு படிக்கு 1.8 டிகிரி. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிற டிரைவர் என்கிற மின்னணுப் பெட்டி அந்தப் படியை இன்னும் எட்டாக நறுக்கினால் ஒரு சுற்றுக்கு 1,600 மின் துடிப்புகள். மோட்டாரோடு இணைந்த பால் ஸ்க்ரூ, அதாவது செதுக்கும் தலையை நகர்த்துகிற நீளத் திருகு, ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள். மெஷினின் மூளையான கன்ட்ரோலர் 320 துடிப்பு அனுப்பிவிட்டு "ஒரு மில்லிமீட்டர் போயாச்சு" என்று எழுதிக்கொள்கிறது. உண்மையில் போனதா என்று திரும்பிக் கேட்பதே இல்லை. ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு போய்ச் சேர்ந்ததா என்று கேட்காத ஆள் மாதிரி. (சர்வோ மோட்டாரில் எவ்வளவு சுற்றியது என்று அளக்கிற என்கோடர் இருக்கும், அது கேட்கும்; விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.) அப்படியானால் நம் ஒரு நூல் என்பது ஆயிரம் துடிப்புக்கு மேல் காற்றில் போன கணக்கு.

எங்கே போனது? முதலில் வந்து பார்த்த மெக்கானிக் டிரைவர் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, காரணம் அந்தப் பலகையிலேயே இருந்தது. உற்றுப் பார்த்தால் விலகல் ஒரே இடத்தில் படக்கென்று வரவில்லை, வரிக்கு வரி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து வந்து ஒரு நூல் ஆகியிருந்தது. இன்னொன்று, சத்தம். ஸ்டெப்பர் மோட்டார் படி தவறினால் கர்ரென்று உறுமும், பட்டறையில் யாருக்கும் அது கேட்காமல் போகாது. பையன் சத்தியம் செய்தான், ஒரு சத்தமும் வரவில்லை என்று. மோட்டார் ஒழுங்காகச் சுற்றி, ஸ்க்ரூ மட்டும் சுற்றவில்லை என்றால் நடுவில் இரண்டையும் இணைக்கிற கப்ளிங்தான் வழுக்குகிறது.

அதைச் சோதிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெள்ளை மார்க்கர் பேனாவால் மோட்டார் தண்டு, கப்ளிங், ஸ்க்ரூ மூன்றின் மேலும் ஒரே நேர்கோடாக ஒரு கோடு போட்டேன். செதுக்கும் பிட்டைச் சுற்றுகிற ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு, அந்த ஸ்க்ரூ நகர்த்துகிற திசையில் மட்டும் மெஷினை ஐம்பது முறை முழு நீளத்துக்கு ஓட்டினோம். நிறுத்திப் பார்த்தால் கோடு மோட்டார் பக்கத்தில் உடைந்து, தண்டு மேல் இருந்த பாதிக்கோடு ஒரு விரல்கடை சுற்றிப் போயிருந்தது. கப்ளிங்கைக் கழற்றினால் தண்டில் பளபளவென்று ஒரு வளையம், இறுக்கும் சிறு திருகில் துரு.

திருகை மாற்றிவிட்டுப் போயிருந்தால் அடுத்த மாதம் மறுபடி போன் வந்திருக்கும். கப்ளிங் ஏன் வழுக்கியது என்பதுதான் விஷயம். ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பார்த்தேன், முக்கால்வாசி தூரம் வெண்ணெய் மாதிரி சுற்றியது, கடைசி அரை அடியில் மட்டும் கை வலித்தது. அந்த இறுக்கத்தில்தான் கப்ளிங் வழுக்கியிருக்கிறது. அங்கே பழைய கிரீஸோடு மரத்தூள் சேர்ந்து ஒரு கறுப்புக் களிம்பு. நாக்கில் வைத்துப் பார்த்தேன் (இதை யாரும் செய்ய வேண்டாம்), உப்பு.

கடற்கரை ஊரில் காற்றோடு வருகிற உப்பு எல்லா இரும்பிலும் படியும், அது தெரிந்த கதை. தெரியாத பாதி இதுதான்: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்து, தானே கரைந்து நீராகிவிடும். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது இதனால்தான். மன்னார் வளைகுடாக் கரையில் இரவில் அந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஆக ஸ்க்ரூவின் மேல் படிந்த உப்பு இரவில் உப்புத்தண்ணீர், பகலில் மறுபடி தூள். நடுவில் தேக்குத்தூள். இந்தப் பக்கம் 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலமே அரிப்பால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது, ஒரு விரல் மொத்த ஸ்க்ரூ எம்மாத்திரம்?

எல்லாரும் செய்கிற தப்பு, மண்ணெண்ணெய் ஊற்றித் துடைப்பது. மண்ணெண்ணெயில் கிரீஸ் கரையும், உப்பு கரையாது. வள்ளக்காரர்கள் கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்களே, அந்த அறிவுதான் இங்கேயும். நாங்கள் முதலில் மண்ணெண்ணெயில் களிம்பை எடுத்து, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, உடனே காற்றடித்துக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் புது கிரீஸ் வைத்தோம். கப்ளிங்கையும் மாற்றினோம், தண்டை ஒரு திருகின் முனையால் குத்திப் பிடிக்காமல் சுற்றி வளைத்து இறுக்குகிற வகை. அது மதுரையிலிருந்து வந்து சேர ஆறு நாள் ஆகிவிட்டது.

சரி, மெஷின் ஆயிற்று. கதவு?

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கன்ட்ரோலரில் இருக்கிறது, அண்ணன் அதை அமுக்கத்தான் கை நீட்டினார். அது மின்வெட்டுக்குச் சரி. அந்தப் பொத்தான் தன் பழைய எண்ணிக்கையை நம்பித் தொடரும், நம்முடைய சிக்கலே அந்த எண்ணிக்கை பொய்யானதுதான். எனவே ஜீரோவை, அதாவது எண்ணிக்கை தொடங்கும் புள்ளியை, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். நல்லவேளை, அவர் பலகையின் பிடியைத் தளர்த்தவில்லை. தளர்த்தியிருந்தால் பாதி உயிர் போயிருக்கும்.

ஆனால் பலகை சும்மா இருக்கவில்லை. ஆறு நாள் மழை. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாட்டில் அநேகமாக நீளாது, ரேகைக்குக் குறுக்கே அகலும். தேக்கு இதில் ரொம்ப அடக்கமான மரம், அப்படியும் ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் 300 மில்லிமீட்டர் அகலப் பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து, அரை மில்லிமீட்டர் வரை அகலும். வெர்னியரில் அளந்தோம், கிட்டத்தட்ட அவ்வளவே அகன்றிருந்தது. கடைசி இழைப்பில் பிட் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 0.3 மில்லிமீட்டர்தான் நகரும், அரை மில்லிமீட்டர் பிசகினால் விரலில் படி தட்டும். பலகையின் ஓரத்திலிருந்து ஜீரோ எடுத்தால் இந்தப் பிசகு முழுக்க இணைப்பு வரும் இடத்திலேயே விழும். அதனால் தாமரையின் நடுக்குழியையே ஆதாரமாக வைத்துக்கொண்டோம், வேலை தொடர வேண்டிய இடத்துக்கு அதுதான் பக்கம். மீதிப் பிசகு ஓரத்துக்குப் போகட்டும், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

கூர்முனை பிட்டை மாட்டி, ஒரு பூதக்கண்ணாடியோடு குழியின் நடுவுக்கு இறக்கி, வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கு என்ன எண்ணோ அதையே கன்ட்ரோலரிடம் கொடுத்தேன். அடுத்து தூரத்தில், விலகல் தொடங்குவதற்கு முன் செதுக்கிய ஒரு இதழ் நுனிக்குப் போகச் சொன்னேன். நுனியில் சரியாக உட்கார்ந்தது. இரண்டு புள்ளியும் பொருந்தினால் பலகை திரும்பவில்லை என்று அர்த்தம். உயரத்துக்கு, இறுதிப் பிட்டை மாட்டிய பிறகு, செதுக்காத மேற்பரப்பில் செய்தித்தாள் துண்டை வைத்து, இழுத்தால் லேசாகப் பிடிக்கும்வரை இறக்கி, தாளின் கனத்தைக் கழித்தோம்.

பிறகு கோப்பு. மெஷின் படிக்கிற ஜி-கோட் வரிக்கு வரி போகும். 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இந்த வகை இயந்திரத்தை முதலில் காட்டியபோது துளையிட்ட நாடாவில் கட்டளை கொடுத்தார்கள், வரிசையாக வாசிக்கும் வழக்கம் அப்போதிருந்தே. இதில் ஒரு சூட்சுமம், மெஷின் முந்தைய கட்டளையை மனதில் வைத்திருக்கும். நடுவில் ஒரு வரியில் வெறும் எக்ஸ், ஒய் எண்கள்தான் இருக்கும். மில்லிமீட்டரா அங்குலமா, வேகம் எவ்வளவு, ஸ்பிண்டில் சுற்ற வேண்டுமா என்பதெல்லாம் தலைப்பகுதியில் ஒரே தடவை சொன்னது. மேலே உள்ளதை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு நடுவிலிருந்து ஓட்டினால் சுற்றாத பிட் பலகையில் போய்க் குத்தும். அதனால் தலைப்பகுதியை அப்படியே விட்டு, பிட்டை மேலே தூக்கு, தொடங்கும் இடத்துக்குப் போ, மெதுவாக இறங்கு என்று மூன்று வரி சேர்த்து, விலகல் தொடங்கிய வரிக்கு நன்றாக முன்னாலிருந்து தொடரச் செய்தேன். முதல் ஓட்டம் பத்து மில்லிமீட்டர் உயரத்தில், காற்றில். அண்ணன் அதற்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

தோண்டிப்போன இரண்டு இதழ்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, அதே பலகையில் மிஞ்சிய துண்டிலிருந்து ரேகை பார்த்து ஒட்டுப் போட்டார் ஆசாரி அண்ணன். ஓர் இரவு பிடியில் வைத்த பிறகு மெஷின் ஒட்டின் மேலேயே இதழைச் செதுக்கியது. இணைப்பில் மெல்லிய படி ஒன்று மிச்சம் இருந்தது, உளியை எடுத்து நாலே இழுப்பில் அதையும் எடுத்துவிட்டார்.

கப்ளிங்கில் புதிதாகப் போட்ட வெள்ளைக் கோட்டைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது பையன் காலையில் அது நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச் போடுகிறானாம்.